யூனிக் விசிட்டர்னா எத்தனை பேரு? வெப்சைட் கணக்கை சரியா படிக்க ஒரு எளிய விளக்கம்

"நம்ம சைட்டுக்கு மாசம் 50,000 பேர் வர்றாங்க"ன்னு சொல்றவங்க சேலத்துல இப்ப நிறைய பேர் இருக்காங்க. ஏற்காட்டுல ஹோம்ஸ்டே நடத்தறவங்க, செவ்வாய்ப்பேட்டைல கொலுசு மொத்த வியாபாரம் பண்றவங்க, சீசனுக்கு மல்கோவாவும் இமாம்பசந்தும் பெட்டி போட்டு அனுப்பறவங்க, உள்ளூர் செய்தி போடறவங்க, எல்லார்கிட்டயும் ஒரு வெப்சைட் இருக்கு, கூடவே ஒரு நம்பரும் இருக்கு. அந்த நம்பரை வச்சுதான் விளம்பர ரேட் பேசறாங்க, டிஜிட்டல் மார்க்கெட்டிங் பண்றவருக்கு மாசாமாசம் காசு குடுக்கறாங்க, சைட்டை மாத்தலாமா வேணாமான்னு முடிவு பண்றாங்க. ஆனா அந்த 50,000 எதோட 50,000-னு கேட்டா ஒருத்தர் ஹிட்டுங்கறாரு, ஒருத்தர் வியூஸ்ங்கறாரு, இன்னொருத்தர் "அட ஆளுங்கதாங்க"ன்னு முடிச்சுடறாரு.

கைக்காசு போட்டு கடை நடத்தறவங்க இந்த குழப்பத்துல பணம் விடக் கூடாதுங்கறதுக்காகத்தான் இதை எழுதறேன். கம்ப்யூட்டர் படிச்சிருக்கணும்னு அவசியமே இல்ல, பொறுமையா படிச்சாலே புரியும்.

முதல்ல நாலு நம்பரையும் பிரிச்சுக்கலாம்

உங்க சைட்ல ஒரு பக்கத்துல 20 ரூம் போட்டோ இருக்குன்னு வைங்க. ஒருத்தர் அந்த பக்கத்தை ஒரே ஒரு தடவை திறந்தா, பக்கத்துக்கு ஒண்ணு, போட்டோவுக்கு 20-னு சர்வர்கிட்ட, அதாவது உங்க சைட்டை வச்சிருக்கற கம்ப்யூட்டர்கிட்ட, குறைஞ்சது 21 ஃபைல் கேக்கப்படும். இப்படி கேக்கற ஒவ்வொண்ணும் ஒரு ஹிட். அதனால ஹிட் கணக்குக்கும் ஆள் கணக்குக்கும் சம்பந்தமே கிடையாது, போட்டோவை 40 ஆக்கினா ஹிட் தானா ஏறிக்கும். யாராவது இன்னைக்கும் ஹிட்ஸ்னு பேசினா அந்த பேச்சை அங்கயே விட்டுடுங்க.

பேஜ் வியூங்கறது ஒரு பக்கம் எத்தனை தடவை திறக்கப்பட்டுச்சுங்கறது. ஒரே ஆள் அஞ்சு பக்கம் புரட்டினா அஞ்சு.

செஷன்ங்கறது ஒரு தடவை வந்து போனது. உள்ள வந்து எத்தனை பக்கம் பார்த்தாலும் ஒரு செஷன்தான். சைட்டுக்கு வர்றவங்களை கணக்கெடுக்க கூகுள் தர்ற டூல் கூகுள் அனலிட்டிக்ஸ், அதுல நாம ஒண்ணும் மாத்தாம விட்டா, 30 நிமிஷம் எதுவும் செய்யாம இருந்துட்டு திரும்ப வந்தா அது புது செஷன்னு எடுத்துக்கும்.

யூனிக் விசிட்டர்ங்கறது, நாம எடுத்துக்கிட்ட காலத்துக்குள்ள வந்தவங்கள்ல ஒருத்தரை எத்தனை தடவை வந்தாலும் ஒரு தடவை மட்டும் எண்றது. இதுதான் எல்லாருக்கும் வேண்டிய நம்பர், எண்றதுக்கு கஷ்டமான நம்பரும் இதுதான். அது ஏன்னு பாக்கலாம்.

அடிவாரத்துல உக்காந்து எண்ற ஆள்

மே மாசம் கோடை விழா நடக்கற நேரம். ஏற்காட்டுக்கு இந்த மாசம் எத்தனை பேர் வந்தாங்கன்னு உங்களுக்கு தெரியணும், அதனால மலைப்பாதை ஆரம்பிக்கற அடிவாரத்துல ஒருத்தரை நோட்டு குடுத்து உக்கார வைக்கறீங்க. வண்டி மேல ஏறும்போதெல்லாம் ஒரு கோடு போடறாரு. மாசக் கடைசில கோடு எத்தனைன்னு எண்ணி அத்தனை பேர் வந்தாங்கன்னு சொன்னா சரியா வருமா? மஞ்சக்குட்டைக்காரர் ஒருத்தர் தினமும் சேலத்துல வேலைக்கு வந்துட்டு சாயங்காலம் வீடு திரும்பறாரு, அவருக்கு மட்டும் 25 கோடு விழுந்திருக்கும். கோடு எத்தனைங்கறது செஷன் மாதிரி. நமக்கு வேண்டியது அந்த 25 கோடும் ஒரே ஆளோடதுன்னு தெரியறது.

அதுக்கு அவர் என்ன பண்ணுவாரு? முகத்தை ஞாபகம் வச்சுக்கலாம், ஆனா கோடை விழா கூட்டத்துல அது நடக்காது. வண்டி நம்பரை எழுதி வச்சு, ஏற்கனவே எழுதின நம்பர் வந்தா விட்டுடலாம். இல்லன்னா முதல் தடவை வர்ற ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு நம்பர் போட்ட சீட்டை குடுத்து, அடுத்த தடவை வந்தா சீட்டை காட்டுங்கன்னு சொல்லலாம்.

வெப் அனலிட்டிக்ஸ், அதாவது சைட்டுக்கு வர்றவங்க என்ன செய்யறாங்கன்னு கணக்கெடுக்கற வேலை, இந்த கடைசி ரெண்டு வழியிலதான் நடக்குது. வண்டி நம்பர் வழி பழசு, சீட்டு வழி இப்ப பரவலா இருக்கறது.

வண்டி நம்பர் வழி: ஐபி அட்ரஸ்

இன்டர்நெட்ல இருக்கற எந்த மெஷினுக்கும் பதில் எங்க அனுப்பணும்னு தெரியறதுக்கு ஒரு முகவரி வேணும், அதுதான் ஐபி அட்ரஸ். உங்க சைட்டை யாரு திறந்தாலும் இந்த முகவரி சர்வர்ல பதிவாகும். அந்த பதிவுகளை படிச்சு ஒரு முகவரிக்கு ஒரு விசிட்டர்னு எண்ணிடலாம்னு தோணும். சைட்டுக்கு இடம் வாடகைக்கு தர்ற ஹோஸ்டிங் கம்பெனியோட சிபேனல்ங்கற நிர்வாகப் பக்கத்துல வர்ற ஏடபிள்யூஸ்டாட்ஸ் மாதிரியான டூல் இப்படித்தான் எண்ணுது.

சிக்கல் என்னன்னா, ஒரு பஸ்ல 50 பேர் ஏறி வந்தாலும் வண்டி நம்பர் ஒண்ணுதான். பழைய வகை ஐபி அட்ரஸ், ஐபிவி4-னு சொல்றது, மொத்தமே ஏறக்குறைய 429 கோடிதான் இருக்க முடியும், உலகத்துல இருக்கற போன், லேப்டாப், டிவி எல்லாத்துக்கும் அது பத்தாது. அதனால மொபைல் கம்பெனிங்க நிறைய போனை ஒரே முகவரிக்கு பின்னாடி வச்சு ஓட்டறாங்க. அந்த போன்ல இருந்தெல்லாம் உங்க சைட்டை பார்த்தாலும் ஒரு ஆள்னுதான் விழும். இதுக்கு நேர் எதிராவும் நடக்கும், அஸ்தம்பட்டில வீட்டு வைஃபைல பார்த்துட்டு இருந்தவர் வண்டி எடுத்துட்டு கிளம்பி மொபைல் டேட்டாவுக்கு மாறினா முகவரி மாறிடும், ஒருத்தர் ரெண்டு பேர் ஆயிடுவாரு. புது வகையான ஐபிவி6-ல முகவரிக்கு பஞ்சமே இல்ல, ஆனா அங்கயும் போனுங்க தனியுரிமைக்காக முகவரியை அப்பப்ப மாத்திக்கும்.

இதோட இன்னொரு தொல்லை, சர்வர் பதிவுல மனுஷங்க மட்டும் இருக்க மாட்டாங்க. கூகுள் மாதிரி தேடல் கம்பெனிங்களோட தானியங்கி புரோகிராம், விலையை ஒப்பிட்டு பாக்கற புரோகிராம், ஓட்டை இருக்கான்னு கதவை தட்டி பாக்கற புரோகிராம்னு எல்லாம் சேர்ந்து கிடக்கும். இதுங்களை பாட்னு சொல்வாங்க. தெரிஞ்ச பாட்டை டூல் தனியா பிரிச்சுடும், தெரியாதது ஆள் கணக்குல சேர்ந்துடும். சிபேனல் காட்டற நம்பர் பெருசா, பாக்க சந்தோஷமா இருக்கறதுக்கு இது ஒரு முக்கிய காரணம்.

இதுவரைக்கும் பார்த்ததை ஒரு தடவை சொல்லிடறேன். ஹிட்டும் பேஜ் வியூவும் செஷனும் ஆள் கணக்கு கிடையாது. ஆளை எண்ண அடையாளம் வேணும், ஐபி அட்ரஸ் நல்ல அடையாளம் இல்ல.

சீட்டு வழி: குக்கி

வெப்பை உருவாக்கின விதத்துல, சர்வருக்கு ஞாபகமே கிடையாது. நீங்க ஒரு பக்கம் கேட்டா குடுக்கும், அடுத்த செகண்ட் இன்னொரு பக்கம் கேட்டா முன்ன பின்ன தெரியாத ஆள் மாதிரிதான் குடுக்கும். இப்படி இருந்தா ஆன்லைன் கடைல கூடைல பொருள் போட்டு வைக்கக் கூட முடியாதே. இதுக்கு 1994-ல நெட்ஸ்கேப் கம்பெனில இருந்த லூ மாண்டுல்லி ஒரு வழி கண்டுபிடிச்சாரு, சைட் ஒரு சின்ன துண்டு எழுத்தை உங்க பிரவுசர்ல, அதாவது சைட்டை திறக்கற குரோம் மாதிரி ஆப்ல, வச்சுட்டு போகும், அடுத்த தடவை நீங்க அதே சைட்டுக்கு போனா பிரவுசர் அதை எடுத்து காட்டும். அதுதான் குக்கி.

கூகுள் அனலிட்டிக்ஸ் செய்யறது இதேதான். உங்க சைட்ல அவங்க குடுக்கற ஒரு சின்ன ஸ்கிரிப்டை, அதாவது குட்டி புரோகிராமை, ஒட்டுவீங்க. யாராவது பக்கத்தை திறந்ததும் அந்த ஸ்கிரிப்ட் அவங்க பிரவுசர்ல ஓடி, ஏற்கனவே சீட்டு இருக்கான்னு பாக்கும், இல்லன்னா எதேச்சையா ஒரு நம்பர் எடுத்து, முதல்ல வந்த நேரத்தையும் சேர்த்து ஒரு சீட்டு எழுதி வைக்கும். வழக்கமா அந்த சீட்டுக்கு கூகுள் அனலிட்டிக்ஸ் எழுதற ஆயுசு ரெண்டு வருஷம், ஆனா குரோம் எந்த குக்கியையும் 400 நாளுக்கு மேல வச்சுக்கறதில்ல. அப்புறம் நடக்கறது எல்லாம் இந்த சீட்டு நம்பர் பேர்லதான் கூகுளுக்கு போகும். மாசக் கடைசில எத்தனை வேற வேற சீட்டு நம்பர் வந்துச்சுன்னு எண்ணினா யூனிக் விசிட்டர் கிடைச்சுடும். அந்த சீட்டுல உங்க பேரும் இல்ல, போன் நம்பரும் இல்ல, வெறும் எண் மட்டும்தான்.

இங்க ஒண்ணை நல்லா கவனிங்க, சீட்டு இருக்கறது பிரவுசர் கையில, மனுஷன் கையில இல்ல. எண்ணப்படறது பிரவுசர்தான். நாம அதை "இத்தனை பேர்"னு படிக்கறோம். எல்லா குழப்பமும் இந்த ஒரு இடத்துல இருந்துதான் கிளம்புது.

ரெண்டு பேர் நாலு பேர் ஆன கதை

பெங்களூர்ல ஒரு கணவன் மனைவி நீளமான லீவுக்கு ஏற்காடு வரலாம்னு யோசிக்கறாங்கன்னு வைங்க. அவர் காலைல இன்ஸ்டாகிராம்ல உங்க ஹோம்ஸ்டே விளம்பரத்தை பார்த்து தொடறாரு. இன்ஸ்டாகிராம் அதை தன்னோட உள்பிரவுசர்லயே திறக்கும், அதுக்கு தனி குக்கி டப்பா, ஒரு சீட்டு. மத்தியானம் அதே போன்ல குரோம்ல பேரை தேடி வர்றாரு, குரோம்ல அந்த சீட்டு இல்ல, ரெண்டாவது சீட்டு. அடுத்த நாள் ஆபீஸ் லேப்டாப்ல வாடகையை பாக்கறாரு, மூணு. வாட்ஸப்ல லிங்க்கை வீட்டுக்காரம்மாவுக்கு அனுப்பறாரு, அவங்க போன்ல திறக்கறாங்க, நாலு. வரப்போறது ரெண்டு பேர், அவங்களுக்கு வேண்டியது ஒரே ரூம், உங்க ரிப்போர்ட்ல நாலு யூனிக் விசிட்டர்.

ஏற்காட்டுக்கு அடிவாரம் வழியாவும் வரலாம், குப்பனூர் வழியாவும் வரலாம்னு நமக்கு தெரியும். அடிவாரத்துல சீட்டு வாங்கினவர் அடுத்த வாரம் குப்பனூர் வழியா வந்து, அந்த சீட்டை எடுத்துட்டு வரலைன்னா அங்க இருக்கறவர் புது சீட்டுதானே குடுப்பாரு? ஒவ்வொரு பிரவுசரும் ஒரு தனி பாதைன்னு வச்சுக்கோங்க.

சீட்டு தொலையவும் செய்யும். ஹிஸ்டரி சேராத இன்காக்னிட்டோ ஜன்னல்ல பாக்கறவங்களுக்கு அதை மூடினதும் போயிடும். ஹிஸ்டரியை துடைக்கறவங்களுக்கும் அதேதான். ஐபோன்ல இருக்கற சஃபாரி, 2019-ல இருந்து, இப்படி ஸ்கிரிப்ட் வைக்கற குக்கியை ஏழு நாளுக்கு மேல விடறதில்ல. ஏழு நாளுக்குள்ள திரும்ப வந்தா அந்த கெடு புதுசாகும், வரலைன்னா போச்சு. அதனால பத்து நாளைக்கு ஒருக்கா உங்க சைட்டுக்கு வர்ற ஒரு நல்ல கஸ்டமர், ஐபோன் வச்சிருந்தா, ஒவ்வொரு தடவையும் புது ஆளாத்தான் விழுவாரு.

எதிர்ப்பக்கமும் இருக்கு. வீட்டுல ஒரே கம்ப்யூட்டர்ல அப்பா, பொண்ணு, பையன் மூணு பேரும் ஒரே பிரவுசர்ல பார்த்தா ஒரே சீட்டுதான். ஒரு இ-சேவை மைய கம்ப்யூட்டர்ல நாள் முழுக்க எத்தனை பேர் உக்காந்து ஒரு சைட்டை பார்த்தாலும் ஒண்ணுதான். ஆனா இன்னைக்கு ஆளுக்கொரு போன் ஆயிட்டதால எண்ணிக்கையை கூட்டிக் காட்டற தப்புதான் பெரும்பாலும் ஜாஸ்தி.

சுருக்கமா, யூனிக் விசிட்டர்ங்கறது சீட்டோட எண்ணிக்கை. ஒரு ஆளுக்கு பல சீட்டு இருக்கலாம், சில நேரம் பல ஆளுக்கு ஒரு சீட்டும் இருக்கலாம்.

கணக்குலயே வராதவங்க

விளம்பரத்தை தடுக்க யூபிளாக் ஆரிஜின் மாதிரி ஒண்ணு போட்டிருக்கறவங்க பிரவுசர்ல அனலிட்டிக்ஸ் ஸ்கிரிப்டே ஓடாது. பிரேவ் பிரவுசர் தானாவே தடுக்கும். இவங்க வந்து, பார்த்து, ரூம் புக் பண்ணிட்டு போனாலும் ரிப்போர்ட்ல தெரிய மாட்டாங்க. ஜெர்மனி மாதிரி ஐரோப்பிய நாட்டுல இருக்கற சேலத்துக்காரங்க உங்க மாம்பழ சைட்டை திறந்தா, அங்க சட்டப்படி குக்கிக்கு அனுமதி கேக்கணும், வேணாம்னு அவங்க சொல்லிட்டா சீட்டு குடுக்கக் கூடாது.

இதை மட்டும் கூட்டிடாதீங்க

எனக்கு தெரிஞ்சு அதிகமா நடக்கற தப்பு இதுதான், நல்லா விவரமா இருக்கறவங்களும் இதுல விழறாங்க, அதனால கொஞ்சம் நிதானமா பாக்கலாம்.

திங்கள் 100 யூனிக், செவ்வாய் 100, புதன் 100. மூணு நாளைக்கு மொத்தம் எத்தனை யூனிக்? 300-னு சொல்ல வாய் வரும். மூணு நாளும் அதே 100 பேர் வந்திருந்தா விடை 100. மூணு நாளும் வேற வேற ஆளுங்களா இருந்தா 300. நிஜம் இதுக்கு நடுவுல எங்கயோ இருக்கும், அது எங்கன்னு இந்த மூணு நம்பரை மட்டும் வச்சு யாராலயும் சொல்ல முடியாது. சீட்டு நம்பர் முழுக்க கையில இருக்கற டூல்கிட்ட "இந்த மூணு நாளுக்கு சேர்த்து சொல்லு"ன்னு தேதியை மாத்தி கேட்டாத்தான் வரும்.

பேஜ் வியூவை கூட்டலாம், செஷனை கூட்டலாம், யூனிக்கை மட்டும் கூட்டவே கூடாது. மாசக் கணக்கை 12-ஆல பெருக்கி வருஷத்துக்கு இத்தனை பேர்னு போடறது, ரூம் பக்கத்தோட யூனிக்கையும் ரேட் பக்கத்தோட யூனிக்கையும் கூட்டி சைட்டோட யூனிக்குன்னு சொல்றது, மொபைல்ல இத்தனை டெஸ்க்டாப்ல இத்தனைன்னு எழுதி கீழ மொத்தம் போடறது எல்லாமே ஒரே தப்புதான். புது விசிட்டரையும் திரும்ப வந்த விசிட்டரையும் கூட்டினாலும் மொத்தம் சரியா வராது, ஏன்னா 3-ஆம் தேதி முதல் தடவை வந்தவரே 20-ஆம் தேதி திரும்ப வந்தா ரெண்டு பக்கத்துலயும் இருப்பாரு.

அதனால காலத்தை சொல்லாம யூனிக் விசிட்டர் நம்பர் சொன்னா அதுக்கு அர்த்தமே கிடையாது. ஒரு நாளைக்கா, 28 நாளைக்கா, ஒரு வருஷத்துக்கா? அதை முதல்ல கேளுங்க.

ரெண்டு டூல் ரெண்டு நம்பர் காட்டுதே, எது பொய்?

ரெண்டுமே பொய் சொல்லல. ஒவ்வொண்ணும் வேற மாதிரி எண்ணுது. பிளாசிபிள்னு ஒரு டூல் இருக்கு, அது குக்கியே வைக்கறதில்ல. ஐபி அட்ரஸையும் பிரவுசர் விவரத்தையும் ஒரு ரகசிய எழுத்தோட கலந்து அன்னைக்கு மட்டும் செல்லுபடியாகற ஒரு அடையாளம் செஞ்சுக்கும், அந்த ரகசிய எழுத்து தினமும் மாறிடும். தனியுரிமைக்கு இது ரொம்ப நல்லது, எனக்கு பிடிச்ச வழியும் கூட. ஆனா ஒரே ஆள் மாசத்துல அஞ்சு நாள் வந்தா மாசக் கணக்குல அஞ்சு யூனிக்கா நிக்கும். இதை கூகுள் அனலிட்டிக்ஸோட மாச நம்பரோட ஒப்பிட்டு சண்டை போடறதுல அர்த்தம் இல்ல.

கூகுள் அனலிட்டிக்ஸுக்குள்ளயே பழைய யூனிவர்சல் அனலிட்டிக்ஸ் வேற, இப்ப இருக்கற ஜிஏ 4 வேற. பழசு 2023 ஜூலை 1-ல சாதாரண கணக்குகளுக்கு நின்னுபோச்சு. பழசுல யூசர்ஸ்னு காட்டினது வந்தவங்க மொத்தம், ஜிஏ 4-ல யூசர்ஸ்னு காட்டறது ஆக்டிவ் யூசர்ஸ், அதாவது சைட்டை நிஜமா பயன்படுத்தினதா டூல் எடுத்துக்கறவங்க மட்டும். அதனால 2022 ரிப்போர்ட்டையும் 2024 ரிப்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு "ஆளு குறைஞ்சுடுச்சு"ன்னு யாராவது சொன்னா, குறைஞ்சது ஆளா இல்ல எண்ற முறை மாறினதான்னு பாக்கணும்.

இன்னொண்ணு, ஜிஏ 4 பெரிய கணக்குல ஒவ்வொரு சீட்டையும் வரிசையா வச்சு எண்றதில்ல, கணித முறைல ஒரு நெருக்கமான மதிப்பீடு போட்டு சொல்லும். அதனால கடைசி ரெண்டு மூணு இலக்கத்துக்கு உயிரை விடாதீங்க.

அப்ப இந்த நம்பர் எதுக்கு உதவும்?

நல்லாவே உதவும், படிக்கற விதம் தெரிஞ்சா போதும். ஒரே டூல்ல, ஒரே முறைல, ஒரே நீள காலத்தை ஒப்பிடுங்க. போன மே மாசத்துக்கும் இந்த மே மாசத்துக்கும் ஒப்பிடுங்க, மேயையும் ஜூலையையும் ஒப்பிடாதீங்க, ஏற்காட்டு சீசன் முடிஞ்சதும் தேடறவங்க குறையறது உங்க சைட்டோட தப்பு கிடையாது. தப்பா எண்ணினாலும் டூல் ரெண்டு வருஷமும் ஏறக்குறைய ஒரே மாதிரி தப்பா எண்ணும், அதனால ஏறுதா இறங்குதாங்கறது நம்பற மாதிரி இருக்கும்.

நிஜமான ஆள் கணக்கு வேணும்னா லாகின் வைக்கணும். லாகின் பண்ணினவருக்கு ஒரு அடையாள எண் குடுத்து அதை ஜிஏ 4-க்கு அனுப்பினா, அவர் போன்ல வந்தாலும் லேப்டாப்ல வந்தாலும் ஒருத்தர்னு சேர்த்துக்கும், இதுக்கு யூசர் ஐடின்னு பேரு. அந்த இடத்துல கஸ்டமரோட போன் நம்பரையோ ஈமெயிலையோ அப்படியே போட்டுடாதீங்க, ஆளை அடையாளம் காட்டற விவரத்தை அனுப்பக் கூடாதுன்னு கூகுளோட விதியே இருக்கு. சின்ன ஹோம்ஸ்டேவுக்கும் கொலுசுக் கடைக்கும் லாகின் எல்லாம் தேவைப்படாதுன்னுதான் எனக்கு படுது. யூனிக் விசிட்டர் பக்கத்துலயே எத்தனை பேர் போன் பட்டனை தொட்டாங்க, எத்தனை என்கொயரி வந்துச்சு, எத்தனை புக்கிங் ஆச்சுன்னு வச்சுக்கிட்டா அதுவே வியாபாரத்துக்கு நிறைய சொல்லும், அதுல புக்கிங் கணக்கு உங்க நோட்டுலயே இருக்கு.

விளம்பரத்துக்கு காசு குடுக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு சைட்காரர் நம்பர் சொன்னா எந்த டூல், எந்த தேதில இருந்து எந்த தேதி வரைக்கும், அது வியூஸா செஷனா யூசர்ஸான்னு மூணையும் கேளுங்க. வாட்ஸப்ல வர்ற வெட்டின ஸ்கிரீன்ஷாட்டை ஏத்துக்காதீங்க, தேதியும் தலைப்பும் தெரியற மாதிரி முழுசா கேளுங்க. பெரிய தொகையா இருந்தா, ஜிஏ 4-ல அட்மின் பக்கம் போய் உங்க ஈமெயிலுக்கு வியூவர்ங்கற அனுமதியை மட்டும் குடுக்கச் சொல்லுங்க, அதுல நீங்க எதையும் மாத்த முடியாது, பாக்க மட்டும்தான் முடியும், வேலை முடிஞ்சதும் அவங்க அதை எடுத்துடலாம். எந்த ஊர்ல இருந்து வர்றாங்கங்கறதையும் அங்கயே பாக்கலாம், அது தோராயமாத்தான் இருக்கும், மொபைல்ல பாக்கற சேலத்துக்காரரை சென்னைன்னோ பெங்களூர்னோ காட்டறதும் உண்டு, ஆனா சேலத்து கடைக்கு விளம்பரம் பண்றேன்னு சொல்ற சைட்டோட முக்கால்வாசி விசிட்டர் வேற மாநிலத்துல இருந்தா அதை கேட்டே ஆகணும்.